ராபர்ட்ஸ் பிரபு: பீரங்கிப் படையில் சேர்ந்து கோவேறு கழுதைகளால் பெயர் வாங்கியவர்

கேட்கப்பட்ட கேள்வி இரண்டு பகுதி கொண்டது. பிரிட்டிஷ் ஆட்சிக் கால இந்தியாவில் பீரங்கிப் படை லெப்டினென்டாகத் தொடங்கி பீல்டு மார்ஷல் வரை உயர்ந்த ராபர்ட்ஸ் பிரபு உண்மையிலேயே பெரிய தளபதியா, இல்லை பதக்கங்களின் பளபளப்பா? அப்புறம், மெட்ராஸ் ராணுவத்தில் தமிழர்களைச் சேர்ப்பது குறைந்துபோனதற்கு அவர்தான் காரணமா?

முதல் கேள்விக்கு என் பதில்: நல்ல தளபதிதான். ஆனால் அவருடைய பலம் பீரங்கியில் இல்லை. பத்தாயிரம் பேரையும் அவர்களுக்கான சோறு, விறகு, மருந்து, தோட்டாவையும் சொன்ன நாளில் சொன்ன இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில் இருந்தது. இரண்டாவது கேள்விக்கு: அவர் ஒருவர் மட்டும் காரணம் இல்லை. ஆனால் அந்த முடிவுக்கு எடை கொடுத்த பெயர் அவருடையதுதான். இனி விவரமாகப் பார்க்கலாம்.

பிரெடரிக் ஸ்லீ ராபர்ட்ஸ் 1832 செப்டம்பர் 30 அன்று கான்பூரில் பிறந்தார். அப்பா ஆபிரகாம் ராபர்ட்ஸ் கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காள ராணுவத்தில் அதிகாரி, அயர்லாந்தின் வாட்டர்ஃபோர்டுக்காரர். முதல் ஆப்கானியப் போரில், பிரிட்டிஷார் அரியணையில் ஏற்றிய ஷா ஷூஜாவின் படைக்குத் தலைமை வகித்தவர். காபூலில் நடந்துகொண்டிருந்த ஏற்பாடுகள் சரியில்லை என்று சொல்லி மேலிடத்தோடு முட்டிக்கொண்டு, 1842இல் காபூலிலிருந்து பின்வாங்கிய பிரிட்டிஷ் படை அழிந்துபோவதற்கு முன்பே ஊர் திரும்பிவிட்டார். மகனுக்கு ஆப்கானிஸ்தான் என்பது வீட்டிலேயே கிடைத்த பாடம்.

பையன் நோஞ்சான். சின்ன வயதில் வந்த மூளைக்காய்ச்சலில் வலது கண்ணின் பார்வை கிட்டத்தட்ட போய்விட்டது. உயரமும் ஐந்தேகால் அடியைச் சுற்றித்தான். இன்றைக்கு எந்த ராணுவ மருத்துவப் பரிசோதனையிலும் தேற மாட்டார். ஈட்டன், சாண்ட்ஹர்ஸ்ட், அதன்பின் கம்பெனியின் சொந்தப் பயிற்சிப் பள்ளியான அடிஸ்கோம்ப் என்று படித்து, 1851 டிசம்பரில் வங்காளப் பீரங்கிப் படையில் இரண்டாம் லெப்டினென்டாகச் சேர்ந்தார். அடுத்த வருஷம் கல்கத்தாவில் இறங்கி, கொஞ்ச காலம் டம்டமில் இருந்துவிட்டு, அப்பா தளபதியாக இருந்த பெஷாவருக்குப் போய்ச் சேர்ந்தார்.

பீரங்கிப் படையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் காலாட்படையிலும் குதிரைப்படையிலும் பதவியைக் காசு கொடுத்து வாங்கலாம். பீரங்கியிலும் பொறியாளர் படையிலும் அது கிடையாது. கணக்கும் அறிவியலும் படித்திருக்க வேண்டும், வரிசைப்படி மூப்பில்தான் மேலே போகலாம். அதனால் புத்திசாலிகள் வருவார்கள், ஆனால் வருஷக்கணக்கில் லெப்டினென்டாகவே கிடப்பார்கள். ராபர்ட்ஸுக்கு பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் கிடைத்தபோதும் அவர் லெப்டினென்ட்தான். 1860 நவம்பர் 12 அன்று கேப்டன் ஆனார். மறுநாளே, நவம்பர் 13 அன்று, போரில் செய்த சேவைக்காக கௌரவ மேஜர். ஒரே ஒரு நாள் கேப்டன்! ஏற்கெனவே மேஜர் ஆக்குவது என்று முடிவாகிவிட்டது, கேப்டன் ஆகும்வரை காத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட இடத்தில் வேகமாக மேலே வர ஆசைப்படுகிறவர் என்ன செய்வார்? பீரங்கியை விட்டுவிட்டுத் தலைமையகப் பணிக்குப் போவார். ராபர்ட்ஸ் அதைத்தான் செய்தார். 1854இல் குதிரைப் பீரங்கிப் படையில் இடம் கிடைத்தது. சீருடையின் மிடுக்கிலும் வேகத்திலும் அதற்கு ஈடு வேறு எதுவும் இல்லை என்று கடைசிவரை நினைத்தவர் அவர். ஆனாலும் 1856இலேயே குவார்ட்டர் மாஸ்டர் ஜெனரலின் துறைக்கு உதவியாளராகப் போய்விட்டார். முகாம் எங்கே போடுவது, தண்ணீர் எங்கே, எந்தப் பாதையில் ஒட்டகம் போகும், எதில் போகாது என்பதெல்லாம் அந்தத் துறையின் வேலை. ஏறத்தாழ இருபது வருஷம் அங்கேயே இருந்து, 1875இல் வங்காள ராணுவத்தின் குவார்ட்டர் மாஸ்டர் ஜெனரலாகவே ஆனார். அவருடைய பிற்கால வெற்றிகளின் வேர் இந்த இருபது வருஷத்தில்தான் இருக்கிறது.

1857இல் சிப்பாய்க் கலகம் வந்தபோது அவருக்கு வயது 24. பஞ்சாபிலிருந்து டெல்லியை நோக்கி நகர்ந்த படையில் தலைமையக அதிகாரியாகச் சேர்ந்தார். இந்த இடத்தைப் பிரிட்டிஷ் வரலாறுகள் மெல்லத் தாண்டிப் போகும். லாகூரில் 35வது காலாட்படையைச் சேர்ந்த இரண்டு சிப்பாய்களைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டபோது அவர் அங்கே இருந்தார். அந்த ஜூன் மாதத்தில் அம்மாவுக்கு எழுதிய கடிதத்தில், பீரங்கி வாயில் வைத்துக் கொல்வதுதான் அதிக விளைவு தருகிறது, பார்க்கக் கோரமாகத்தான் இருக்கிறது, ஆனால் இந்தக் காலத்தில் அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்ற பொருளில் எழுதியிருக்கிறார். இருபத்திநாலு வயதுப் பையன் வீட்டுக்கு எழுதும் கடிதம் அது. அவருடைய பதக்கங்களைப் பட்டியலிடும்போது இதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

டெல்லி முற்றுகையில், ஜூலை 14 அன்று, முதுகெலும்புக்குப் பக்கத்தில் ஒரு குண்டு பட்டது. துப்பாக்கி மருந்தைப் பற்றவைக்கும் சிறு உலோக மூடிகளான கேப்புகளைப் போட்டு வைக்கும் தோல் பையை அவர் வழக்கமாக இடுப்பின் முன்பக்கம் கட்டியிருப்பார். அன்று அது எப்படியோ நழுவிப் பின்பக்கம் போயிருந்தது. குண்டு அந்தப் பையில் பட்டு வேகம் குறைந்ததால் பிழைத்தார். செப்டம்பரில் மதில் உடைக்கும் பீரங்கிகள் வைக்கப்பட்டபோது பீரங்கி அதிகாரிகளுக்குப் பஞ்சம். தலைமையக வேலையிலிருந்து அவரையும் கூப்பிட்டுப் பீரங்கியில் நிறுத்தினார்கள். டெல்லிக்குள் நுழைந்த அன்று, காஷ்மீர் வாசலுக்குப் பக்கத்தில் தெருவோரம் ஒரு டூலி (காயம்பட்டவரைத் தூக்கிப்போகும் பல்லக்கு) தனியாகக் கிடந்தது. தூக்கிகளைக் காணோம், கொள்ளையடிக்கப் போய்விட்டார்கள். உள்ளே பார்த்தால், படுகாயமடைந்த ஜான் நிக்கல்சன். அந்தக் காலத்தில் ராபர்ட்ஸ் தெய்வமாக நினைத்த தளபதி.

அடுத்து லக்னோ. நவம்பர் 17 அன்று மெஸ் ஹவுஸ் என்ற கட்டடத்தின் உச்சியில் கொடி ஏற்றச் சொன்னார் மீட்புப் படையின் தளபதி காலின் காம்ப்பெல். முற்றுகையில் இருந்த பிரிட்டிஷ் அதிகாரி மாளிகையான ரெசிடென்சிக்குள் மாட்டியிருந்தவர்களுக்கு உதவி எவ்வளவு நெருங்கிவிட்டது என்று தெரிய வேண்டும். ஏற்றினார், சுட்டு வீழ்த்தினார்கள். மறுபடி ஏற்றினார், மறுபடி விழுந்தது. மூன்றாவது தடவை நின்றது.

விக்டோரியா கிராஸ் இதற்காகக் கிடைத்ததாகச் சிலர் எழுதுகிறார்கள். இல்லை. அது 1858 ஜனவரி 2 அன்று ஃபதேகருக்குப் பக்கத்தில் குதாகஞ்சில் நடந்த சண்டைக்கு. பின்வாங்கிய சிப்பாய்களைக் குதிரைப்படை துரத்திக்கொண்டிருந்தது. இரண்டு பேர் ஒரு கொடியைத் தூக்கிக்கொண்டு ஒரு கிராமத்துக்குள் நுழையப் போவதைப் பார்த்து, தனியாகக் குதிரையைத் தட்டிவிட்டார். அவர்கள் திரும்பி நின்று துப்பாக்கியை நீட்டினார்கள். ஒருவன் விசையை இழுத்தான், கேப் மட்டும் வெடித்தது, மருந்து பிடிக்கவில்லை. கொடி பிடித்திருந்தவனை வெட்டிவிட்டுக் கொடியைப் பறித்தார். அதே நாளில், ஒரு சவாரை (இந்தியக் குதிரைவீரரை) பயனெட்டால் மடக்கி நிறுத்தியிருந்த இன்னொரு சிப்பாயையும் வெட்டினார். பாராட்டு அறிக்கையில் பீரங்கி என்ற சொல்லுக்கே வேலை இல்லை என்பதைக் கவனியுங்கள். எல்லாம் வாளால் நடந்தது. 1859 ஜூனில் விக்டோரியா ராணியே பக்கிங்ஹாம் அரண்மனையில் பதக்கத்தைக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு இருபது வருஷம் பெரிய போர் எதுவும் அவர் பங்குக்கு வரவில்லை. வைஸ்ராய் கேனிங் பிரபு வட இந்தியா முழுக்கச் சுற்றுப்பயணம் போனபோது அந்த நடமாடும் நகரத்தைத் தினமும் பெயர்த்து எடுத்து அடுத்த ஊரில் நடும் வேலை ராபர்ட்ஸிடம் இருந்தது. 1868இல் அபிசீனியப் (இன்றைய எத்தியோப்பியா) படையெடுப்பு. போர்முனைக்கே போகவில்லை, நான்கு மாதம் செங்கடல் கரையில் ஜூலா துறைமுகத்தில் நின்று கப்பலில் வரும் சரக்கை இறக்கிக்கொண்டும் ஏற்றிக்கொண்டும் இருந்தார். 1871-72இல் லுஷாய் மலைப் (இன்றைய மிசோரம்) படையெடுப்பு. 1877இல் லிட்டன் பிரபு டெல்லியில் நடத்திய தர்பாருக்கு முகாம் ஏற்பாடு. இதையெல்லாம் கல்யாண மண்டபத்தில் பந்தி பார்க்கிற வேலை என்று அலட்சியமாக நினைக்கலாம். ஆனால் ஆயிரக்கணக்கான விலங்குகளுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தீனி, எவ்வளவு தண்ணீர், எந்த நேரத்தில் சுமை ஏற்ற வேண்டும் என்பது விரல் நுனியில் இருந்த அதிகாரிகள் அன்றைய பிரிட்டிஷ் ராணுவத்தில் மிகக் குறைவு.

1878இல் இரண்டாம் ஆப்கானியப் போர் தொடங்கியது. குர்ரம் பள்ளத்தாக்கில் ஒரு படைக்குத் தலைமை கிடைத்தது. அதுவரை அவர் பெரிய படை எதையும் போரில் நடத்தியதே இல்லை. டிசம்பர் 2 அன்று பைவார் கோட்டல் கணவாயில் எதிரி நேராக எதிர்பார்த்துக் காத்திருக்க, இரவோடிரவாக வலப்பக்கமாக ஸ்பின்காவி கணவாய் வழியாக ஏறிச் சுற்றிவளைத்தார். அந்த இரவு நடையில் ஒரு சம்பவம். முழு அமைதி வேண்டிய நேரத்தில் 29வது பஞ்சாப் காலாட்படையிலிருந்து இரண்டு வேட்டுகள் கேட்டன. எதிரியை எச்சரிக்க அதிலிருந்த பட்டாணியர் சிலர் சுட்டது. எதிரி விழித்துக்கொள்ளாதது ராபர்ட்ஸின் அதிர்ஷ்டம். பின்னால் ராணுவ நீதிமன்றத்தில் விசாரணை நடந்து தண்டனை கொடுத்தார்கள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே மெட்ராஸ் கதைக்கு வரும்போது வேண்டியிருக்கும்.

1879 செப்டம்பரில் காபூலில் பிரிட்டிஷ் தூதர் கவக்னாரி கொல்லப்பட்டார். ராபர்ட்ஸ் படையோடு புறப்பட்டு, அக்டோபர் 6இல் சராசியாப்பில் வென்று, காபூலைப் பிடித்தார். பிடித்த கையோடு, இடிந்து கிடந்த தூதரகத்துக்குள்ளேயே தூக்குமரம் நட்டார். எண்பதுக்கும் மேற்பட்டோர் தூக்கில் ஏறினார்கள். தூதரைக் கொன்றவர்கள் மட்டுமில்லை, படையெடுத்து வந்தவர்களை எதிர்த்துச் சண்டை போட்டதையே குற்றமாகக் கருதித் தண்டித்தது இங்கிலாந்திலேயே கண்டனத்தைக் கிளப்பியது. விளைவும் நல்லதாக இல்லை. டிசம்பரில் நாடே திரண்டு வந்தது. கில்லா காஜியில் குதிரைப் பீரங்கிகளை வாய்க்காலில் விட்டுவிட்டு ஓட வேண்டியதாயிற்று. பீரங்கியைப் பறிகொடுப்பது பீரங்கிப் படைக்காரனுக்குக் கொடி பறிபோவது மாதிரி. நல்லவேளையாக அன்றைக்கே மீட்டுவிட்டார்கள். ஷேர்ப்பூர் முகாமுக்குள் முற்றுகையில் அடைபட்டுக் கிடந்து, டிசம்பர் 23 தாக்குதலை முறியடித்த பிறகுதான் மூச்சு வந்தது.

இனி அந்தப் புகழ்பெற்ற நடை. 1880 ஜூலை 27 அன்று மைவாந்தில் ஆப்கானியத் தளபதி அயூப் கானிடம் ஒரு பிரிட்டிஷ் படை நசுங்கியது. மிச்சம் இருந்தவர்கள் கந்தஹாருக்குள் அடைபட்டார்கள். அவர்களை மீட்கக் காபூலிலிருந்து ராபர்ட்ஸ் ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தில் கிளம்பினார். போர்வீரர்கள் சுமார் 10,000 பேர், கூட வேலையாட்கள் சுமார் 8,000 பேர், சுமை விலங்குகளும் ஆயிரக்கணக்கில். தூரம் 300 மைலுக்குக் கொஞ்சம் மேல். ஆகஸ்ட் 31 அன்று கந்தஹாரில் நின்றார்கள்.

எப்படி முடிந்தது? முதல் காரணம், சக்கரம் வைத்த எதையும் எடுத்துப்போகவில்லை. பீரங்கிப் படைக்காரர் தன் பெரிய பீரங்கிகளைக் காபூலிலேயே விட்டுவிட்டார்! கூட வந்தவை கோவேறு கழுதை முதுகில் ஏறும் மலைப் பீரங்கிகள், மூன்று பாட்டரிகள் (பீரங்கி அணிகள்) மட்டும். அந்தக் காலத்தில்தான் இரண்டு துண்டாகக் கழற்றித் திருகி மாட்டும் இரண்டரை அங்குல மலைப் பீரங்கி புழக்கத்துக்கு வந்துகொண்டிருந்தது. குழலின் ஒவ்வொரு பாதியும் சுமார் 90 கிலோ, ஒரு விலங்கு தூக்கும் எடை. சக்கரம், அச்சு, தாங்கி எல்லாம் வேறு விலங்குகளில். இறக்கித் திருகி, சுடத் தயாராவது சில நிமிஷ வேலை.

இரண்டாவது காரணம் நேர ஒழுங்கு. விடியற்காலை 2.45க்கு எழுப்பி, 4 மணிக்கு நடை. ஒவ்வொரு மணி நேரத்துக்கும் சில நிமிஷம் ஓய்வு. வெயில் ஏறுவதற்குள் முடிந்த தூரம் நடந்துவிட வேண்டும். மாவும் தீனியும் வழியில் காசு கொடுத்து வாங்கினார்கள். விறகுக்குத்தான் திண்டாட்டம். மரமே இல்லாத ஊர்களில் வீடுகளை விலைக்கு வாங்கி, இடித்து, உத்தரத்தையும் விட்டத்தையும் எரித்துச் சமைத்திருக்கிறார்கள். கடைசி நாட்களில் தளபதிக்கே காய்ச்சல், டூலியில் தூக்கிக்கொண்டு போனார்கள்.

செப்டம்பர் 1 காலை சண்டை, மதியத்துக்குள் அயூப் கானின் முகாமே கைக்கு வந்துவிட்டது. அவருடைய பீரங்கிகள் எல்லாம் பிடிபட்டன. மைவாந்தில் பறிபோன குதிரைப் பீரங்கிப் படையின் இரண்டு பீரங்கிகளும் அதில் இருந்தன.

ஆனால் இந்த நடைக்குக் கிடைத்த புகழ் அளவுக்கு மீறியது என்றுதான் நான் நினைக்கிறேன். வழியில் எதிர்ப்பே இல்லை. புதிதாக அமீர் ஆன அப்துர் ரஹ்மான், பிரிட்டிஷார் போய்த் தொலைந்தால் சரி என்று வழியில் உணவு கிடைக்க ஏற்பாடு செய்து கொடுத்தார். அதே வருஷம் வசந்த காலத்தில் டொனால்ட் ஸ்டூவர்ட் என்ற இன்னொரு பிரிட்டிஷ் தளபதி இதே பாதையில் எதிர்த்திசையில், கந்தஹாரிலிருந்து மேலே நடந்து வந்தார். வழியில் ஏப்ரல் 19 அன்று அகமது கேலில் பெரிய சண்டையும் போட்டு ஜெயித்தார். அவர் பெயரை இன்று யாருக்குத் தெரியும்? வித்தியாசம் தந்திக் கம்பியில்தான் இருக்கிறது. ராபர்ட்ஸ் கிளம்பியதும் மூன்று வாரம் அவரிடமிருந்து செய்தியே இல்லை. மைவாந்து தோல்வியில் கலங்கிப் போயிருந்த இங்கிலாந்து பத்திரிகையைப் பார்த்துப் பார்த்துக் காத்திருந்தது. திடீரென்று "வெற்றி" என்று தந்தி வந்தால் கொண்டாட மாட்டார்களா? அந்த நடைக்கென்றே தனியாக ஒரு நட்சத்திரப் பதக்கம் அடித்தார்கள். அவர் ஏறிய வோனோலெல் என்ற வெள்ளைக் குதிரைக்குக்கூட ராணி பதக்கம் கொடுத்தார்.

மெட்ராஸ் காலத்தை இங்கே தாண்டிவிட்டு மீதி வாழ்க்கையைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். 1885 முதல் 1893 வரை இந்தியாவின் தலைமைத் தளபதி. 1892இல் பிரபுப் பட்டம். 1895இல் பீல்டு மார்ஷல், அயர்லாந்தில் பொறுப்பு. வயது 60 தாண்டிவிட்டது, எல்லோரும் ஓய்வு என்றே நினைத்தார்கள்.

1899 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவில், டச்சு வம்சாவளிக் குடியேறிகளான போயர்களோடு நடந்த போரில், பிரிட்டிஷாருக்கு ஒரே வாரத்தில் மூன்று தோல்விகள். மூன்றாவது டிசம்பர் 15, கொலென்சோ. கர்னல் லாங் என்பவர் 14வது, 66வது பாட்டரிகளை எதிரியின் துப்பாக்கிக்கு மிக அருகே கொண்டுபோய் நிறுத்திவிட்டார். சுட்டவர்கள் விழுந்துவிட, பீரங்கிகள் வெட்டவெளியில் அனாதையாக நின்றன. அவற்றை இழுத்துவரக் குதிரையில் பாய்ந்தவர்களில் ராபர்ட்ஸின் மகன், லெப்டினென்ட் ஃப்ரெடி ராபர்ட்ஸும் ஒருவர். பீரங்கிப் படைக்காரர்கூட இல்லை, துப்பாக்கிப் படை. சுடப்பட்டு விழுந்தவரை வால்டர் காங்க்ரீவ் என்ற அதிகாரி, தானும் காயம்பட்ட நிலையில், மறைவுக்கு இழுத்துப் போனார். இரண்டு நாளில் ஃப்ரெடி இறந்தார். இறந்த பிறகு அவருக்கும் விக்டோரியா கிராஸ், காங்க்ரீவுக்கும் விக்டோரியா கிராஸ். அப்பாவும் மகனும் இந்தப் பதக்கம் வாங்கியது மூன்றே மூன்று குடும்பங்களில்தான்: ராபர்ட்ஸ், கஃப், காங்க்ரீவ். காங்க்ரீவின் மகன் 1916இல் வாங்கினார். மூன்றில் இரண்டு குடும்பம் அந்த ஒரு வாய்க்கால் பள்ளத்தில் சேர்ந்து கிடந்தது.

தென்னாப்பிரிக்காவுக்குத் தலைமைத் தளபதியாகப் போகச் சொல்லி ராபர்ட்ஸுக்கு உத்தரவு வந்ததும் மகன் இறந்த செய்தி வந்ததும் ஏறக்குறைய ஒரே நேரத்தில். 67 வயதில், டிசம்பர் 23 அன்று கப்பல் ஏறினார். கிச்சனர் என்ற தளபதி துணைக்கு. 1900 பிப்ரவரியில் கிம்பர்லி மீட்கப்பட்டது. 27ஆம் தேதி பார்டபர்க்கில் போயர் தளபதி க்ரோன்யே சுமார் 4,000 பேரோடு சரணடைந்தார். மார்ச் 13 புளூம்ஃபோன்டெய்ன், மே 31 ஜோகன்னஸ்பர்க், ஜூன் 5 பிரிட்டோரியா. காகிதத்தில் பிரமாதம்.

ஆனால் இந்த இடத்தில்தான் படையையும் சரக்கையும் கொண்டுபோய்ச் சேர்ப்பதில் மன்னன் என்று பெயர் வாங்கியவருக்கு அவருடைய சொந்தத் துறையிலேயே சறுக்கல். ரெஜிமென்ட்களிடம் இருந்த வண்டிகளை எல்லாம் எடுத்து ஒரே இடத்தில் சேர்த்து மாற்றியமைத்தார். பிப்ரவரி 15 அன்றே வாட்டர்வால் ஆற்றுத்துறையில் போயர் தளபதி டி வெட் ஏறத்தாழ 180 வண்டிகளை அடித்துக்கொண்டு போய்விட்டார். படை பாதிப் பட்டினியில் நடந்தது. பிணம் மிதந்த மாடர் ஆற்றுத் தண்ணீரைக் குடித்தவர்கள் புளூம்ஃபோன்டெய்ன் சேர்ந்ததும் டைபாய்டில் ஆயிரக்கணக்கில் படுத்தார்கள். ஊருக்குத் தண்ணீர் கொடுத்த நிலையத்தையும் மார்ச் 31இல் டி வெட் பிடித்துக்கொண்டார். குண்டு பட்டுச் செத்தவர்களைவிட நோயில் செத்தவர்கள் அதிகம் என்பதுதான் அந்தப் போரின் கணக்கு.

அப்புறம், தலைநகரங்களைப் பிடித்துவிட்டால் போர் முடிந்தது என்று நினைத்தார். முடியவில்லை. ரயில் பாதையைத் தகர்த்தால் பக்கத்துப் பண்ணை வீடுகளை எரிப்போம் என்று 1900 ஜூனில் அறிவித்தார். வருஷக் கடைசியில் பொறுப்பைக் கிச்சனரிடம் கொடுத்துவிட்டு வெற்றி வீரராக ஊர் திரும்பினார். போர் 1902 மே வரை நீண்டது. கிச்சனர் காலத்தில் பெருகிய முகாம்களில் 26,000க்கும் அதிகமான போயர் பெண்களும் குழந்தைகளும் இறந்தார்கள், கறுப்பினத்தவருக்கான முகாம்களில் இறந்தவர்கள் தனி. பழி பெரும்பாலும் கிச்சனர் தலையில் விழுந்தது. பண்ணை எரிப்பைத் தொடங்கிவைத்தவர் ராபர்ட்ஸ். அவருக்கோ ஏர்ல் பட்டம், கார்ட்டர் விருது, நாடாளுமன்றம் வழங்கிய ஒரு லட்சம் பவுண்டு. 1902இல் ஆர்டர் ஆஃப் மெரிட் என்ற விருதை உருவாக்கியபோது முதல் வரிசையிலேயே அவர் பெயர். பிரிட்டிஷ் ராணுவத்தின் கடைசித் தலைமைத் தளபதியும் அவர்தான். 1904இல் அந்தப் பதவியையே ஒழித்துவிட்டார்கள்.

சரி, மெட்ராஸுக்கு வருவோம். 1881 நவம்பரில் மெட்ராஸ் ராணுவத்தின் தலைமைத் தளபதியாகப் பொறுப்பேற்று 1885 வரை இருந்தார். கோடைக்கு ஊட்டி. துப்பாக்கி சுடும் பயிற்சியைத் தீவிரமாக்கினார், போட்டி வைத்தார், தானும் கலந்துகொண்டார். இயன் ஹாமில்டன் போன்ற இளம் அதிகாரிகள் அவருடன் இருந்தார்கள். இன்னொரு உதவியாளர் நெவில் சேம்பர்லின், ஸ்னூக்கர் ஆட்டத்தை உருவாக்கியதாகச் சொல்லப்படுபவர். அதன் விதிகள் ஊட்டி கிளப்பில் ஒட்டப்பட்டது இந்தக் காலத்தில்தான். ராபர்ட்ஸின் ஊட்டி வாசத்தால் உலகத்துக்குக் கிடைத்த நன்மை என்று அதைச் சொல்லலாம். மற்றது நமக்கு நன்மையாக இல்லை.

1897இல் வெளியான தன் நினைவுக் குறிப்பில் அவர் சொல்வதன் சாரம் இது: மெட்ராஸ் சிப்பாய்களின் முன்னோரிடம் இருந்த போர்க்குணத்தை இவர்களிடம் கண்டுபிடிக்க மிகவும் முயன்றேன், நீண்ட அமைதியும் வசதியும் இவர்களை மென்மையாக்கிவிட்டன, வீரக் குலங்களுக்கு எதிராக இவர்களை நிறுத்துவதோ தென்னிந்தியாவுக்கு வெளியே பயன்படுத்துவதோ இனிமேல் பாதுகாப்பானது இல்லை. வருத்தத்தோடு எழுதுவதாகவும் சொல்கிறார். வருத்தம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் இந்த முடிவை எடுத்தபோது அவர் மெட்ராஸ் காலாட்படையைச் சண்டையில் நடத்திப் பார்த்தவர் இல்லை. அவர் போரில் நடத்தியது சீக்கியர், கூர்க்கா, பஞ்சாபி முஸ்லிம், ஸ்காட்லாந்துக்காரர்களை. அவர்களோடு ஜெயித்தார், அதனால் அவர்களே வீரர்கள். பைவார் கோட்டலில் எச்சரிக்கை வேட்டு போட்டதும் அந்த "வீரக் குலம்" ஒன்றுதான் என்பது கணக்கில் சேரவில்லை.

ராபர்ட்ஸ் பக்கமும் நியாயம் இருக்கிறதா என்று பார்த்தால், கொஞ்சம் இருக்கிறது. 1803இல் அசாயேயில், பின்னாளில் வெலிங்டன் பிரபு ஆன வெல்லெஸ்லியோடு நின்று ஜெயித்த ராணுவம் 1880களில் உண்மையிலேயே துருப்பிடித்துத்தான் இருந்தது. ஆனால் ஏன்? தெற்கில் போர் இல்லை. 1857இல் பெரும்பாலும் அமைதியாக இருந்த ராணுவம் இது. அதற்கான பரிசு, வடக்கே கம்பெனிக்குக் கைகொடுத்த பஞ்சாபியருக்கும் கூர்க்காக்களுக்கும் போனது. பெயர் வாங்க நினைத்த இளம் அதிகாரி யாரும் மெட்ராஸில் இருக்க விரும்பவில்லை, எல்லைப்புறத்துக்கு மாற்றல் கேட்டு ஓடினார்கள். சிப்பாய்க்கு மாதம் ஏழு ரூபாய் என்று பழைய சம்பளம். நல்ல அதிகாரியும் போர் அனுபவமும் கிடைக்காத படை எப்படி இருக்கும்? குவார்ட்டர் மாஸ்டராக இருபது வருஷம் இருந்தவருக்கு இந்தக் காரணங்கள் தெரியாமல் இருந்திருக்காது. கழுதை இளைத்தால் தீனியைப் பார்த்தவர், மனிதன் இளைத்தபோது குலத்தைப் பார்த்தார்.

ரஷ்யா ஆப்கானிஸ்தான் வழியாக வரும் என்ற பயம் அவரை ஆட்டிவைத்தது. அந்தக் குளிர் மலைப் போருக்கு வடக்கத்தி ஆட்கள்தான் வேண்டும் என்று நம்பினார். 1885இல் இந்தியா முழுமைக்கும் தலைமைத் தளபதி ஆனதும் நம்பிக்கையைக் கொள்கையாக்க அதிகாரமும் வந்தது. பர்மாப் போரில் மெட்ராஸ் படைகள் சரியாகச் செய்யவில்லை என்ற குறையும் சேர்ந்துகொண்டது. மெட்ராஸ் ரெஜிமென்ட்கள் சிலவற்றில் பஞ்சாபியரை நிரப்பினார்கள். 1903இல் அப்போது இந்தியத் தலைமைத் தளபதியாக இருந்த கிச்சனர் ரெஜிமென்ட்களின் எண்களை மாற்றியபோது பழைய 2வது மெட்ராஸ் காலாட்படை 62வது பஞ்சாபிகள் ஆனது. தப்பித்தது பொறியாளர் படை. மெட்ராஸ் சாப்பர்கள் எல்லாப் போருக்கும் போனார்கள், ஆப்கானிஸ்தானுக்கும் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. அதே மாவட்டங்களிலிருந்து, அதே சாதிகளிலிருந்து வந்தவர்கள்தான் அவர்களும். குலத்தில் வீரம் இருக்கிறது என்ற கோட்பாடு இந்த ஒரு உதாரணத்திலேயே உடைந்துவிடுகிறது.

நேர்மையாக ஒன்றையும் சேர்க்க வேண்டும். 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் தாங்காவில் இறக்கப்பட்ட மெட்ராஸ் படையான 63வது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி சண்டையில் உடைந்து ஓடியது. "பார்த்தீர்களா, ராபர்ட்ஸ் அன்றைக்கே சொன்னார்" என்று எழுதியவர்கள் உண்டு. ஆனால் அதே கடற்கரையில் 13வது ராஜபுத்திரர்களும் உடைந்து ஓடினார்கள். முப்பது வருஷம் ஒதுக்கிவைத்த படையை, கப்பலில் வாரக்கணக்கில் அடைத்து, நேராக இயந்திரத் துப்பாக்கிக்கு எதிரே இறக்கினால் எந்த ஊர்ப் படையும் அப்படித்தான் ஆகும். அந்தச் செய்தி ராபர்ட்ஸ் காதுக்கு எட்டுவதற்கே நேரம் இருந்திருக்காது. பிரான்சுக்கு வந்திருந்த இந்தியப் படைகளைப் பார்க்க 82 வயதில் போனவர், குளிரில் நிமோனியா கண்டு நவம்பர் 14 அன்று செயின்ட் ஓமரில் இறந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் உடலை வைத்து, செயின்ட் பால் தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள்.

மெட்ராஸ் காலாட்படையில் மிஞ்சியிருந்ததை 1920களில் கலைத்துவிட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் ஆள் பற்றாக்குறை வந்ததும் அதே மெட்ராஸ் ரெஜிமென்ட்டை மறுபடி எழுப்பினார்கள். அதன் 4வது பட்டாலியன் ஜப்பானியருக்கு எதிராக பர்மாவில் சண்டை போட்டது. இன்று அந்த ரெஜிமென்ட்டின் பயிற்சி மையம் நீலகிரியில் வெலிங்டனில் இருக்கிறது, ஊட்டியிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம்.